வீட்டிலேயே போர்டிங் பாஸ்: வசதியா, கட்டாயமா?

– பத்தாம் வகுப்பு மாணவி

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. மின்கட்டணமும் ரயில் டிக்கெட்டும் தேர்வு முடிவும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அந்த வரிசையில் விமானப் பயணத்துக்கான 'செக்-இன்' என்னும் பதிவும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. விமானம் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்து, இருக்கை எண் பெற்று, விமானத்தில் ஏறுவதற்கான போர்டிங் பாஸை நாமே அச்சிட்டுக்கொள்ளப் பல நிறுவனங்கள் வழி செய்துள்ளன. இது நல்ல வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் வசதியாக வந்தது கட்டாயமாக மாறலாமா? இதுவே நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

"கோட்டையூரில் இருந்துகொண்டு விமானத்தைப் பற்றிக் கட்டுரையா?" என்று தோழியர் நகைக்க வேண்டாம். நம் ஊருக்கு விமானம் புதிதன்று. 1909ஆம் ஆண்டு இதே கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் கல்லூரிகளை நிறுவியதோடு 'ஜுபிடர் ஏர்வேஸ்' என்ற விமான நிறுவனத்தையும் நடத்தியவர். அதற்கு முன்பே நம் முன்னோர் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்று தொழில் செய்தார்கள். இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நம் தெருக்களின் பெரிய வீடுகள் பலவற்றில் ஆச்சியும் ஐயாவும் மட்டுமே இருக்கிறார்கள். பேரனுக்குக் காதுகுத்து என்றால் அவர்கள்தாம் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று விமானம் ஏறுகிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினையே.

முதலில் இதன் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் போர்டிங் பாஸ் என்பது காந்தப் பட்டை ஒட்டிய தடித்த அட்டை. அதை அச்சிடத் தனி இயந்திரம் வேண்டும். உலக விமான நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டு முடிவை எல்லையாக வைத்து அந்தப் பட்டையைக் கைவிட்டுக் கட்டம் கட்டமான பார்கோடு முறைக்கு மாறின. பார்கோடைச் சாதாரணத் தாளிலும் அச்சிடலாம். கைப்பேசித் திரையிலும் காட்டலாம். கைப்பை மட்டும் கொண்டு செல்வோர் கவுன்டர் வரிசையில் நிற்காமல் நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடலாம். அலுவலகம் செல்வோருக்கும் கைக்குழந்தையோடு செல்வோருக்கும் இது பெரும் உதவி.

நம் நாட்டில் இந்த வசதி முழுமை பெறச் சில ஆண்டுகள் ஆயின. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த விமானம் கடத்தப்பட்டது. அதன் பின், 2000ஆம் ஆண்டு முதல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் நம் விமான நிலையங்களின் காவலை ஏற்றனர். கைப்பையில் ஓர் அட்டை கட்டி, சோதனை முடிந்ததும் அதில் முத்திரை குத்துவது வழக்கமாயிற்று. சீட்டை வீட்டில் அச்சிட்டாலும் பைக்கு அட்டை தேட வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு விமான நிலையங்களில் கைப்பை முத்திரை நிறுத்தப்பட்டது. பிறகு மற்ற நிலையங்களுக்கும் இம்மாற்றம் பரவியது.

இதுவரை எல்லாம் விருப்பமாகவே இருந்தது. கொரோனா வந்ததும் நிலைமை மாறியது. 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக இணையவழிப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. உயிர் காக்கும் நேரத்தில் அது நியாயமே. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நோய்க் காலத்துக்காக வந்த ஏற்பாட்டை ஒட்டிக் கட்டணமும் நுழைந்தது. விமான நிலையக் கவுன்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் அதற்குத் தனியாகப் பணம் என்றாயிற்று. பயணிகள் முறையிட்டார்கள். 2022 ஜூலை 21 அன்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், கவுன்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கலாகாது என்றும், அது 1937ஆம் ஆண்டின் விமான விதிகளுக்கு ஏற்றதன்று என்றும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. சீட்டு என்பது பயணத்தின் ஒரு பகுதி. தனியாக விற்கும் பண்டமன்று. இதை நம் பெரியவர்கள் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்து இருக்கைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி சென்னைக்குப் போவதற்காகப் பிரவுசிங் சென்டருக்குச் சென்றார்கள். திரையில் வந்த இருக்கைப் படத்தில் பார்த்த கட்டத்திலெல்லாம் ஒரு விலை. "காசு கட்டித்தான் சீட் எடுக்கணும் ஆச்சி" என்றாராம் கடைக்காரத் தம்பி. "டிக்கெட்டுக்குத்தான் காசு கொடுத்தாச்சே அப்பச்சி, உட்காரவும் தனியாக் காசா?" என்று கேட்டார்களாம் ஆச்சி. இதைவிட நல்ல கேள்வியை எந்த வழக்கறிஞரும் கேட்க முடியாது! இருக்கையைத் தேர்ந்தெடுக்காமலே மேலே செல்லும் வழி அதே பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. ஆச்சிக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. பணம்தான் போயிற்று.

வாங்குவோரைக் குழப்பிப் பணம் கட்டவைக்கும் இத்தகைய திரைத் தந்திரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று நெறிமுறைகளை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அவர்களோடு ஒரே முன்பதிவில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் அருகிலாவது இடம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் அறியாதவருக்குச் சட்டம் இருந்தும் பயன் என்ன?

"காலத்துக்கேற்ப எல்லோரும் மாறத்தானே வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், கற்றுக்கொள்ள வயது தடையில்லை. ஆனால் கண்புரை வந்த கண்ணுக்குக் கைப்பேசியின் பொடி எழுத்து தெரிவதில்லை. ஓ.டி.பி. எண்ணைத் தேடித் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. இவர்கள் படிக்காதவர்கள் அல்லர். வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்லக்கூடியவர்கள். திரை அவர்களுக்காக அமைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

"கவுன்டர் வைத்தால் நிறுவனத்துக்குச் செலவு" என்றும் கூறலாம். வீட்டில் அச்சிடும்போது தாள் நம்முடையது, மை நம்முடையது, உழைப்பும் நம்முடையது. நிறுவனத்துக்கு மிச்சமே. அந்த மிச்சத்திலிருந்து முதியோருக்காக ஒரு கவுன்டர் நடத்தக் கூடாதா? மேலும், பெட்டி நிறையத் தேன்குழலும் அதிரசமும் கொண்டு செல்லும் நம் ஆச்சிகள் எப்படியும் பெட்டியைக் கவுன்டரில் கொடுத்தே ஆக வேண்டும். அங்கேயே சீட்டையும் கொடுத்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

உலகம் போகும் போக்கைப் பார்த்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. அயர்லாந்து நாட்டின் ரயன்ஏர் நிறுவனம் 2025 நவம்பர் 12 முதல் வீட்டில் அச்சிட்ட தாளைக் கைவிட்டுக் கைப்பேசிச் சீட்டுக்கு மாறிவிட்டது. நம் நாட்டிலோ 2022 டிசம்பர் 1 அன்று டில்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் 'டிஜி யாத்ரா' தொடங்கியது. இதில் முகமே அடையாளச் சீட்டாகிறது. ஆனால் இது விரும்புவோருக்கு மட்டுமே என்று அரசு கூறியிருக்கிறது. புதுமை எதுவானாலும் இந்த 'விரும்புவோருக்கு' என்ற ஒரு சொல் நிலைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவியராகிய நாம் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. போர்டிங் பாஸைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது இன்று நாகரிகமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020ஆம் ஆண்டு அவ்வாறு வெளியிட்டார். அதிலிருந்த முன்பதிவுக் குறியீட்டைக் கொண்டே ஒருவர் அவருடைய கடவுச்சீட்டு எண்ணைக் கண்டறிந்துவிட்டார். நல்ல வேளையாக, கண்டறிந்தவர் அதைத் தீய வழியில் பயன்படுத்தாமல் உரியவர்களுக்குத் தெரிவித்தார். ஆகவே கடையில் அச்சிட்டால், கிளம்பும் முன் அந்தக் கணினியில் இருக்கும் பிரதியை அழிக்கச் சொல்லுங்கள். பயணம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

விமான நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. கட்டணமில்லாக் கவுன்டர் என்றும் இருக்கட்டும். இருக்கைப் பக்கத்தில் இலவச வழியைப் பெரிய எழுத்தில், தமிழிலும் காட்டுங்கள். வீட்டில் அச்சிட்ட தாளை ஏற்க மறுக்கும் நாள் நம் நாட்டில் வர வேண்டாம்.

இனி நம் கடமை. நம் பள்ளியில் கணினி அறை இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் அதைத் திறந்துவைத்தால், மேல் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் போர்டிங் பாஸ் எடுத்துக் கொடுப்போம். எடுக்கவும் கற்றுக் கொடுப்போம். வங்கி எண்ணையோ ஓ.டி.பி.யையோ நாங்கள் கேட்க மாட்டோம். எந்தப் பிரதியையும் வைத்துக்கொள்ள மாட்டோம். ஒரு ஆசிரியை உடனிருந்தால் போதும். தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்கள் இதற்கு அனுமதி தருவார்கள் என நம்புகிறேன். பெற்றோரும் துணை நிற்பார்கள் என எதிர்பார்க்கிறேன்.

தோழியரே! நாம் கற்ற கல்வி நம் கைப்பேசிக்குள் மட்டும் அடங்கிவிடலாகாது. விமானம் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் பறக்கட்டும். அதில் ஏறும் படிக்கட்டு மட்டும் நம் ஆச்சிக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்!