முகத்தைப் பண்படுத்தும் முன்…

நடவுக்கு முன் வயலைச் சேறாக்கிப் பரம்படித்துச் சமன்செய்வது எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்து வழக்கம். நிலம் பண்பட்டால்தான் நாற்று வேர்பிடிக்கும். முகத்துக்கும் அப்படியொரு பண்படுத்தல் உண்டு என்பதை நான் அறிந்தது என் அக்காவின் கலியாணப் பேச்சின்போதுதான்.

“தை பிறப்பதற்குள் பெண் கொஞ்சம் வெளுத்துவிட்டால் நல்லது” என்றார் உறவுக்காரப் பெண்மணி ஒருவர். மறுநாளே மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தார் அம்மா. நடவுக் கூலியில் மிச்சம் பிடித்த காசு அது! இரண்டே வாரத்தில் அக்காவின் முகம் பளபளத்தது. வீடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். மூன்றாம் மாதம் கன்னம் சிவந்தது; பருக்கள் கிளம்பின; மோவாயில் முடி அரும்பியது. பூசினால் கேடு, நிறுத்தினால் எரிச்சல். வெயிலில் தலைகாட்ட முடியாமல் அக்கா வீட்டுக்குள் முடங்கினாள்.

அதன்பிறகுதான் வேதியியல் படிக்கும் நான் அந்தக் களிம்புக் குழாயைக் கையில் எடுத்தேன். பொடி ஆங்கில எழுத்தில் மூன்று பெயர்கள்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியாக உள்ளது ஸ்டீராய்டு. தோலை மெலியச் செய்வது. கண்டபடி பூசினால் முகத்தைத் தனக்கு அடிமையாக்குவது. ‘ஸ்டீராய்டு சிதைத்த முகம்’ என்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 2008-இல் இதற்குப் பெயரே சூட்டிவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, எங்கள் அம்மாவிடம் சீட்டு கேட்டவர்தாம் எவருமில்லை!

பெருநகரங்களில் வசதி படைத்தோர் முகச் சுருக்கம் நீங்க அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். அவர்களும் கத்தி படுமுன் தோலைப் பண்படுத்துகிறார்கள். எப்படி? புகைப்பழக்கத்தைப் பல வாரங்கள் முன்பே விடச் சொல்வார் மருத்துவர். நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண் ஆறவொட்டாமல் தடுக்கும். வெயிலைத் தவிர்க்கச் சொல்வார். தேவையானால் டிரெட்டினாயினோ ஹைட்ரோகுயினோனோ அளவறிந்து தருவார், நாளறிந்து நிறுத்துவார். அக்கா பூசிய அதே மருந்துகள்தாம்! அங்கே காவலோடு வருகின்றன. இங்கே காவலின்றி வருகின்றன. பணம் உள்ளவர் முகத்துக்கு ஒரு நீதி, நடவுக்காரி மகள் முகத்துக்கு வேறொரு நீதியா?

பெயரே அச்சிடாத களிம்புகளோ இன்னும் கொடியவை. நிறமியை உண்டாக்கும் நொதியைத் தடுக்கப் பாதரசம் சேர்ப்பார்கள். கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தின்றது!

அழகுபடுத்திக்கொள்வது குற்றமா என்று தோழியர் கேட்கலாம். குற்றமே இல்லை. ஆனால் வெளுப்பே அழகு என்று நம்பவைத்தது யார்? 1975-இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லையே துறந்துவிட்டது. விற்றவர்களே கைவிட்ட சொல்லை நாம் ஏன் கலியாணச் சந்தையில் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? நம் கருநிறம் அழுக்கன்று. வெயிலுக்கு இயற்கை பிடித்த குடை.

தஞ்சை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டியபின் அக்காவின் முகம் மெல்லத் தேறி வருகிறது. அங்கே ஆலோசனைக்குக் காசு கேட்கவில்லை. முதலிலேயே போயிருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தக் குழாயைப் படிக்கத் தெரிந்தவளும் வீட்டில் நான் ஒருத்திதான். மூன்று மாதம் அது அலமாரியில் என் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தேர்வுக்குப் படித்தேன், அதைப் படிக்கவில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

மருந்துக் குழாய்களில் தமிழிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அது வரும்வரை, தோழியரே, உங்கள் வீட்டு அலமாரியை இன்றே திறந்து பாருங்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் குழாயையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். படித்தவர் வீட்டில் இருந்தும் படிக்காத களிம்பு, இனி எந்த முகத்திலும் ஏற வேண்டாம்!