மூடியைக் கழற்றாத கை

டி.பார்ம் எக்சிட் தேர்வு பற்றி இந்த இதழ் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டு ஆசிரிய நண்பர்கள் எழுதுகிறார்கள். 2022இல் விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் முதல் தேர்வும் நடந்துவிட்டது. இனியும் மௌனம் சரியில்லை. தேர்வு வேண்டும். தாளுக்கு 50 சதவீதம் எடுக்க முடியாதவர் பதிவெண் வாங்கிக்கொண்டு கவுன்டரில் நிற்க வேண்டாம்.

ஆனால் மூன்று தாளும் கணினி முன் உட்கார்ந்து விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள்கள்தான். கையை யாரும் பார்ப்பதில்லை. தேர்வில் வராததற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கல்லூரிகள் கணக்குப் போடுமா, போடாதா? நான் போய்வந்த சில இடங்களில் இன்ஹேலர், இன்சுலின் பேனா, பி.பி. எல்லாம் புரொஜெக்டரில் ஒரே மதியத்தில் முடிந்துவிடுகின்றன.

வீடியோமேல் எனக்குக் கோபமில்லை. எம்.டி.ஐ.யை மெதுவாக இழுக்க வேண்டும், ரோட்டாஹேலரை வேகமாக இழுக்க வேண்டும் என்பதை நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் காட்ட அதைவிட நல்ல வழியில்லை. பி.பி. பார்க்கும்போது கேட்க வேண்டிய கொரோட்கோவ் ஒலிதான் சிக்கல். வீடியோவில் கணீரென்று கேட்கும். வார்டில் மின்விசிறி இரைச்சலில் தேட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். ஒரு மாணவி குலுக்குவதிலிருந்து பத்து வினாடி மூச்சை அடக்குவதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன். பிறகு ஏதோ தோன்ற, மேசையிலிருந்த காலி இன்ஹேலரை நீட்டி, "நான்தான் பேஷன்ட். செஞ்சு காட்டும்மா" என்றேன். குலுக்கினாள், வாயருகே கொண்டுபோனாள், அழுத்தினாள். மூடி அப்படியே இருந்தது.

"வீடியோல ஏற்கெனவே கழட்டித்தான் வச்சிருந்தாங்க, சார்."

அதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும் என்பார்கள். எந்தப் பயிற்சியில்? 1991 விதியிலும் 500 மணி நேரம், 2020 விதியிலும் அதே 500. அதில் 250 மருந்துச்சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்க. பயிற்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட கடைகளில் எத்தனையில் பார்மசிஸ்ட் இருந்தார், எத்தனையில் அவர் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கியது? ஆய்வுக்கு வருகிறவர்கள் நூலகப் புத்தகங்களை எண்ணுகிறார்கள், பீக்கரை எண்ணுகிறார்கள். படிவத்திலுள்ள கடைக்கு ஒரு போன் போட்டவர் உண்டா? இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. யு-40 சிரிஞ்சில் யு-100 இன்சுலினைப் பத்தாம் கோடுவரை இழுத்தால் 25 யூனிட் போகும் என்று சரியாக விடை சொன்ன ஒரு பையன், அந்த இரண்டு வகைச் சிரிஞ்சின் சிவப்பு மூடியையும் ஆரஞ்சு மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? 500 மணி நேரம் முடித்ததாகக் காகிதம் அவன் கையில் இருக்கிறது, அதில் முத்திரையும் இருக்கிறது.

எக்சிட் தேர்வில் ஐந்து நிமிடச் செய்முறை ஒன்றாவது வேண்டும் என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. டில்லி அதைக் கேட்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாணவர்களிடம் இருக்கும் கைபேசி போதும். காலி இன்ஹேலரைக் கொடுத்து, அவரவர் கையை அவரவரே படம் பிடிக்கச் சொல்லுங்கள். மூடியைக் கழற்றுவதில் தொடங்கி, வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி மூடுவதுவரை, நடுவில் வெட்டாமல்.