கம்பி வழி வந்த இன்டர்நெட்: கோளாறு எங்கே?

அமெரிக்காவில் வீட்டு டெலிபோன் கம்பி மூலமாக இன்டர்நெட் கொடுத்துவந்த ஏ.ஓ.எல். கம்பெனி, 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. 34 ஆண்டுகள் நடந்த சேவை. ஆகஸ்டு மாதத்தில் சிறியதோர் அறிவிப்பு வந்தது. மறு மாதக் கடைசியில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

"அது இன்னுமா இருந்தது?" என்று கேட்கத் தோன்றும். இருந்தது. அந்நாட்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகாவின் மதிப்பீட்டின்படி, 2023-ல் ஏறத்தாழ 1 லட்சத்து 63 ஆயிரம் வீடுகளில் டெலிபோன் கம்பி இன்டர்நெட் ஒன்றுதான் இருந்தது. இன்டர்நெட் உள்ள வீடுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். அத்தனை பேரும் ஏ.ஓ.எல். சந்தாதாரர்கள் அல்லர். நெட்ஜீரோ, ஜூனோ போன்ற வேறு கம்பெனிகளும் அப்பொழுது இந்தத் தொழிலில் இருந்தன. ஏ.ஓ.எல்.லின் சொந்தக் கணக்கு 2021-லேயே சில ஆயிரம் பேராகச் சுருங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

ஆகையால் ஒரு கம்பெனி மூடியதை மட்டும் வைத்துப் பெரிதாக அழவேண்டியதில்லை. கவலைப்படவேண்டிய விஷயம் வேறே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

மோடம் என்னும் துபாஷி

டெலிபோன் கம்பி மனிதர் பேசுவதற்காகப் போட்டது. விநாடிக்கு 300 முதல் 3,400 வரை அதிர்வுள்ள ஒலிகள்தான் அதில் நன்றாகப் போகும். பேச்சுக்கு அது போதும். கம்ப்யூட்டருக்கோ பேச்சு இல்லை. ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகள்தான் அதற்குத் தெரியும். அந்தக் குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பவும், வருகிற ஒலியைத் திரும்பக் குறியாக மாற்றவும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் மோடம்.

1981-ல் ஹேய்ஸ் கம்பெனி விற்ற மோடம் விநாடிக்கு 300 குறிகள் அனுப்பியது. 1998-ல் வி.90 என்ற சர்வதேச முறை வந்தபோது அது 56 ஆயிரத்தை எட்டியது. அதுவும் ஏட்டளவில்தான். கம்பியில் செலுத்தும் மின்சக்திக்கு அமெரிக்க சர்க்கார் ஒரு வரம்பு வைத்திருந்தபடியால், 53 ஆயிரத்தைத் தாண்ட முடியாது. கம்பி பழசாக இருந்தால் 40 ஆயிரம், 30 ஆயிரம் என்று இறங்கும்.

காதால் கண்டுபிடித்த கோளாறு

இந்த மோடத்தில் ஒரு நல்ல குணம் இருந்தது. அது வாய்விட்டுப் பேசும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. இணைப்பு ஏற்படும்வரை நடப்பதெல்லாம் வீட்டாருக்குக் கேட்கும். எனவே பழகிய குடும்பத்தில், திரையைப் பார்க்காமலே, அடுப்பங்கரையில் இருந்தபடியே, "இன்றைக்கு லைன் சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

முதலில் 'கொர்ர்' என்று டயல் டோன் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கோளாறு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். மோடத்தின் பின்புறம் ஒன்றுபோல் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றொன்று டெலிபோனுக்கு. மாற்றிச் செருகிவிட்டால் டயல் டோன் வராது. பாதி வீடுகளில் இதுதான் 'பெரிய ரிப்பேர்'! இல்லையென்றால், மற்றோர் அறையில் யாராவது ரிசீவரைச் சரியாக வைக்காமல் போயிருப்பார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர் இதை "680" என்ற எண்ணால் தெரிவிக்கும்.

டெலிபோனில் டயல் டோன் இருக்கிறது, மோடத்துக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. முந்தின நாள் இடி மின்னல் இருந்ததா என்று முதலில் கேட்கவேண்டும். மின்னல் வேகம் டெலிபோன் கம்பி வழியாகவே வந்து மோடத்தைக் கருக்கிவிடும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும், மோடம் செத்திருக்கும். இரண்டாவது காரணம் வேடிக்கையானது. டெலிபோன் கம்பெனியில் யாராவது ஒரு செய்தியைப் பதிவு செய்து வைத்திருந்தால், டயல் டோன் தொடர்ச்சியாக வராமல் விட்டு விட்டு வரும். மனிதனுக்கு அது புரியும். மோடத்துக்குப் புரியாது, டயல் டோனே இல்லையென்று உட்கார்ந்துவிடும். செய்தியைக் கேட்டு அழித்தால் போதும், சரியாகிவிடும். "டயல் டோனுக்குக் காத்திரு" என்ற கட்டளையைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டாலும் சரி.

டயல் செய்தபின் 'டொக் டொக்' என்று என்கேஜ்டு சத்தம் வந்தால், கோளாறு வீட்டில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் எல்லா லைன்களும் நிரம்பிவிட்டன. வேறு எண்ணை முயலவேண்டும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. பார்க்க உள்ளூர் எண் போலிருக்கும். டெலிபோன் கம்பெனி அதை வெளியூர் அழைப்பாகக் கணக்குப் போட்டிருக்கும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைத்த குடும்பங்கள் உண்டு.

எதிர்ப்பக்கம் எடுத்ததும் நீண்ட விசில் ஒன்று கேட்கும். பிறகு கிறீச்சிடல், உறுமல், மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல். இரண்டு மோடங்களும், "இந்தக் கம்பியில் எந்த வேகம் தாங்கும்?" என்று பேரம் பேசிக்கொள்ளும் சத்தம் அது. பேரம் படிந்ததும் சத்தம் நிற்கும். படியாமல் கிறீச்சிடல் மறுபடி மறுபடி வந்தால் கம்பியில் இரைச்சல் இருக்கிறது. மழைநாளில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் எங்கோ ஒரு மூட்டில் தண்ணீர் இறங்குகிறது. வெயில் வந்தால் தானே சரியாகும், அடுத்த மழைக்கு மீண்டும் கெடும். அதுவரைக்கும் மோடத்தின் வேகத்தைக் குறைத்து வைத்தால் இணைப்பு நிற்கும். அவசரப்படுகிற மோடத்தைவிட நிதானமாகப் போகிற மோடம் அறுந்து விழாது.

பேரமெல்லாம் படிந்தபின் "691" என்று வந்தால், கம்பியில் ஒரு குறையும் இல்லை. பெயரோ ரகசியச் சொல்லோ தப்பு. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வித்தியாசம் பார்க்கவேண்டும்.

நன்றாக இணைந்து, பத்து நிமிஷத்தில் திடீரென அறுந்துபோவது இன்னொரு வகை. வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டிருப்பார்கள். "உங்களுக்கு வேறோர் அழைப்பு" என்று டெலிபோன் கம்பெனி கொடுக்கும் 'கிளிக்' சத்தத்தை மோடம் கம்பி அறுந்ததாக எண்ணிக்கொள்ளும். அமெரிக்காவில் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் 70-ம் போட்டு டயல் செய்தால் அந்த ஒரு தடவைக்கு அது வராது. மாடியில் இருக்கும் மகள் ரிசீவரை எடுத்துவிட்டால் மட்டும் எந்த எண்ணும் உதவாது!

எல்லாரும் ஒரே நேரத்தில்

எதிர்ப்பக்கக் கோளாறு எவ்வளவு பெரிதாகும் என்பதை 1996-ம் ஆண்டு காட்டியது. அதுவரை ஏ.ஓ.எல். மாதம் 9 டாலர் 95 சென்டுக்கு 5 மணி நேரம் கொடுத்தது. மேற்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் தனிக் காசு. அந்த டிசம்பர் முதல், மாதம் 19 டாலர் 95 சென்டு கட்டினால் எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்றார்கள். விளைவு என்ன? ஒருமுறை உள்ளே நுழைந்தவர்கள் வெளியே வர மறுத்தார்கள். விட்டால் மறுபடி கிடைக்காதே என்ற பயம்! சந்தா வாங்கிய அளவுக்கு லைன் போடவில்லை. நாடு முழுவதும் என்கேஜ்டு சத்தம்தான். 30-க்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்ட அதிகாரிகள் தலையிட்டு, 1997 ஜனவரியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1995 ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் கம்பெனி பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. இங்கும் டெலிபோன் கம்பிதான். தொடக்கத்தில் சந்தாதாரர்கள் டயல் செய்து அலுத்துப்போனார்கள். கம்பெனியும் குறையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

சாம்பல் நிறப் பெட்டி

மூன்று பேர் சேர்ந்து நடத்தும் காரியத்தில் ஒன்று கெட்டால் பழி யார்மேல்? மோடம் வீட்டுக்காரருடையது, கம்பி டெலிபோன் கம்பெனியுடையது, எதிர்ப்பக்கம் இன்டர்நெட் கம்பெனியுடையது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அமெரிக்காவில் இதற்கு ஓர் எல்லைக்கல் உண்டு. வீட்டு வெளிச்சுவரில் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்து, சாதாரண டெலிபோன் ஒன்றை அதிலுள்ள சோதனைத் துளையில் செருகிக் கேட்கவேண்டும். அங்கேயும் இரைச்சல் இருந்தால் பொறுப்பு டெலிபோன் கம்பெனிக்கு. அங்கே சுத்தமாக இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பார்க்கவேண்டியது வீட்டுக்காரர்.

இதிலும் ஒரு சங்கடம். "பேச்சு தெளிவாகக் கேட்கிறதா? கேட்கிறது. எங்கள் கடமை முடிந்தது" என்று டெலிபோன் கம்பெனிகள் சொல்லும். கம்பியைப் பேச்சுக்குத்தான் கொடுத்தோம், மோடத்தின் வேகத்துக்கு அல்ல என்பது அவர்கள் வாதம். சட்டப்படி சரியாக இருக்கலாம். பணம் கட்டும் கிழவிக்கு அது நியாயமாகத் தோன்றுமா?

இணைந்தும் பக்கம் திறக்கவில்லை

பிற்காலத்தில் புதுவகைக் கோளாறு ஒன்று சேர்ந்துகொண்டது. மோடம் நன்றாக இணைகிறது. ஆனால் பார்க்கவேண்டிய பக்கம் திறப்பதில்லை. படமும் விளம்பரமும் அடைத்த இக்காலத்துப் பக்கம் ஒன்று 2 மெகாபைட் கனம் இருந்தால், விநாடிக்கு 50 ஆயிரம் குறிகள் போகும் கம்பியில் அது வந்துசேர ஐந்து நிமிஷத்துக்கு மேலாகும். அதற்குள் எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டர் பொறுமை இழந்து துண்டித்துவிடும். பாங்குக் கணக்கு, சர்க்கார் மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இப்படித்தான். படம் காட்டாதே என்று கட்டளை கொடுத்தால் கொஞ்சம் நிவாரணம் உண்டு. அமெரிக்க சர்க்கார் 2024-ல் அதிவேக இன்டர்நெட்டுக்கு வைத்த இலக்கணம் விநாடிக்கு 10 கோடி குறிகள். கம்பி வழி இணைப்பைப்போல் 2,000 மடங்கு!

கம்பியே போனால்?

மேலே சொன்ன கோளாறுகளுக்கெல்லாம் ஏதோ ஒரு மருந்து உண்டு. மருந்தில்லாத கோளாறு இப்போது வருகிறது. அந்தச் செப்புக் கம்பியையே எடுத்துவிடுகிறார்கள்.

ஏ.டி.அண்டு.டி. என்ற பெரிய டெலிபோன் கம்பெனி, கலிபோர்னியா தவிர மற்ற பெரும்பாலான பகுதிகளில் 2029-ம் ஆண்டு இறுதிக்குள் செப்புக் கம்பிச் சேவையை விட்டுவிடப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. பழைய கம்பியைப் பராமரிக்கச் செலவு அதிகம், உபயோகிப்போர் குறைவு என்பது அதன் காரணம். அதில் உண்மை உண்டு. பதிலாகக் கண்ணாடி இழையோ, வானொலி வழித் தொலைபேசியோ தருவார்கள். அவற்றில் பேசலாம். ஆனால் அவை குரலைத் துண்டு துண்டாக்கி, சுருக்கி அனுப்புகின்றன. மனிதக் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். மோடத்தின் பேரம் படியாது. அதோடு, செப்புக் கம்பிக்கு மின்சாரம் டெலிபோன் நிலையத்திலிருந்தே வந்தது. புயலில் வீட்டு விளக்கு அணைந்தாலும் சாதாரண டெலிபோன் பேசும். புதிய சாதனத்துக்கு வீட்டு மின்சாரமோ பாட்டரியோ வேண்டும்.

கண்ணாடி இழை வாசலுக்கு வந்துவிட்ட வீட்டுக்கு இதனால் நஷ்டமில்லை, லாபந்தான். அது வராத, ஆள் நடமாட்டம் குறைந்த கிராமாந்தரங்களிலும், வந்தும் கட்டணம் கட்ட முடியாத வீடுகளிலும்தான் சிக்கல். ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை இன்டர்நெட் கட்டணத்தில் தள்ளுபடி தந்த சர்க்கார் திட்டம் ஒன்று இருந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் வீடுகள் அதில் சேர்ந்தன. பணம் தீர்ந்தது, 2024 ஜூன் 1-ந் தேதி திட்டம் முடிந்தது. இன்டர்நெட் எட்டாத இடங்களுக்கு லைன் போட 2021-ல் ஒதுக்கிய 4,245 கோடி டாலரோ மெள்ளமாகவே நகர்ந்தது. 2025 ஜூனில் விதிகளை மாற்றி, மாநிலங்கள் மறுபடியும் ஏலம் கேட்கவேண்டும் என்றார்கள்.

பழைய பாலத்தை இடிக்கத் தேதி குறித்தாகிவிட்டது. புதிய பாலத்துக்கு டெண்டரே திரும்பப் போட்டார்கள். ஏ.ஓ.எல். போன்ற ஒரு வியாபார ஸ்தாபனம் ஆள் இல்லாத கடையை மூடுவதில் குற்றம் சொல்ல இடமில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்தவேண்டியது சர்க்கார்.

கலிபோர்னியாவில் மட்டும் அந்த வரிசையைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டார்கள். கேட்கும் எந்த வீட்டுக்கும் டெலிபோன் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி ஏ.டி.அண்டு.டி. அங்கே மனுப் போட்டது. மலைப்பகுதியிலும் காட்டுத்தீ அபாயமுள்ள ஊர்களிலும் வசிக்கும் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். தீ வந்தால் செல்போன் கோபுரம் எரியும், மின்சாரம் நிற்கும், அப்பொழுது எச்சரிக்கை எப்படி வரும் என்று கேட்டார்கள். 2024 ஜூனில் அந்த மாநிலப் பொதுச் சேவைக் கமிஷன் மனுவைத் தள்ளியது.