குற்றவாளி வேலிகாத்தான்தானா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்ரயிலில் ஏறுங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் ஆகிய நிலையங்களைத் தாண்டி எண்ணூரை நெருங்கும்போது ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். தண்டவாளத்தின் ஓரத்திலும், தரிசாகிப்போன நிலத்திலும், சாம்பல் மேடுகளின் கரையிலும் ஒரே மரம்தான் கண்ணில் படும். வடசென்னைக்காரர்கள் அதை வேலிகாத்தான் என்பார்கள். தென்மாவட்டங்களில் அதுவே சீமைக் கருவேலம். அடர்ந்து நிற்கும் அம்மரங்களின் அடியில் பெரும்பாலும் புல் பூண்டு இருக்காது.

ஏன்? யாரைக் கேட்டாலும் உடனே பதில் கிடைக்கும். “அது விஷ மரம், பக்கத்தில் எதையும் வளர விடாது.” இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருக்கிறது’ என்பதற்கும் இடையே பரிசோதனை என்று ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் ஒரு மரத்தின் மீதுகூடத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் கருத்து.

ஒரு தாவரம் தான் வெளியிடும் வேதிப்பொருளால் இன்னொரு தாவரத்தைப் பாதிக்கும் என்பது கட்டுக்கதை அல்ல. கொண்டைக்கடலைப் பயிர் களைகளை அழிப்பதாகக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் ஹான்ஸ் மோலிஷ் 1937-இல் இதற்கு ‘அல்லெலோபதி’ என்று பெயரிட்டார். ‘ஒன்றையொன்று’, ‘துன்பம்’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய பெயர் இது. அவர் ஆராய்ந்தது, பழுத்த ஆப்பிளிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மற்றத் தாவரங்களை என்ன செய்கிறது என்பதைத்தான். பழுத்த வாழைப்பழத்தோடு காயை மூடி வைத்தால் காயும் விரைவில் பழுக்கிறதல்லவா? அதே வாயுவின் வேலைதான்.

இத்துறைக்கான உலக அமைப்பு நம் நாட்டில்தான் பிறந்தது. 1994-இல் புதுதில்லியில் நடந்த சர்வதேசக் கருத்தரங்கில் உலக அல்லெலோபதி சங்கம் தொடங்கப்பட்டது. இதில் முன்நின்றவர் ஹிசாரிலுள்ள ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானி எஸ்.எஸ்.நர்வால். அதன் பின்னர் 1996-இல் ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரிலும், 1999-இல் கனடாவின் தண்டர் பே நகரிலும், 2002-இல் ஜப்பானின் சுகுபா நகரிலும் உலக மாநாடுகள் நடந்தன. பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்றுகூடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒருவர் தம் முடிவைச் சொல்லும்போது, அவரை முன்பின் அறியாத மற்றொருவர் எழுந்து, “வேறு காரணம் இருக்க முடியாதா?” என்று கேட்கிறாரே, அந்தக் கேள்விதான் பயன்.

அந்தக் கேள்வியின் வலிமைக்கு இத்துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மணம் மிகுந்த சேஜ் என்னும் புதர்ச்செடி வளர்கிறது. புதரைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லே முளைக்காத வளையம் காணப்படும். இலையிலிருந்து எழும் ஆவிப்பொருள்களே புல்லைத் தடுக்கின்றன என்று முல்லர் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1964-இல் அறிவித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்த ஆவி நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்தது. பிறகென்ன, வழக்கு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். 1970-இல் பார்த்தலோமியூ என்பவர் எளிய வேலை ஒன்றைச் செய்தார். விலங்குகள் நுழையாதபடி வெற்று வளையத்தில் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டுக்குள் புல் முளைத்து வளர்ந்தது! புதரில் பதுங்கியிருக்கும் எலி, முயல் போன்ற பிராணிகள், எதிரிக்குப் பயந்து அதிக தூரம் போகாமல், பக்கத்திலுள்ள புல்லையும் விதையையும் தின்று தீர்த்துவிட்டன. வேதிப்பொருள் இருந்தது உண்மை. ஆனால் வெற்று வளையத்துக்கு அதுவே முழுக் காரணம் அன்று.

இனி நம் வேலிகாத்தானுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து விறகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்ட மரம் இது. இதன் இலையில் பிற செடிகளின் வேரைக் குறுக்கும் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று டிரிப்டோபான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் இருக்கும் அதே அமினோ அமிலம்தான்! எனவே ‘விஷ மரம்’ என்ற ஒரு சொல்லால் கதையை முடித்துவிட முடியாது.

எண்ணூரில் சந்தேகத்துக்குரியவர்கள் பலர். அடர்ந்த மரம் வெயிலை மறைக்கிறது. வேர் நீரை உறிஞ்சிவிடுகிறது. கழிமுக மண்ணில் கடல் ஏறி இறங்குவதால் உப்பு இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களும் உண்டு. இத்தனை பேரையும் விசாரிக்காமல் மரத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இது வெறும் வாதம் அல்ல. இதில் பணமும் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. சீமைக் கருவேலத்தை அகற்றும்படி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. அகற்றுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் காரணத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டிய வேலை மாறும். குற்றம் நிழலுடையது என்றால், மரத்தை வெட்டியதும் புல் தானே முளைக்கும். குற்றம் உதிர்ந்த இலையுடையது என்றால், சருகை அகற்றி, மழையில் மண் கழுவப்படும்வரை காத்திருந்து கன்று நட வேண்டும். குற்றம் உப்பும் சாம்பலும் என்றால், மரத்தை வெட்டியபின்னும் அந்நிலம் வெறும் நிலமாகவே கிடக்கும்; விறகு பொறுக்கிப் பிழைத்த ஏழைக்கு இருந்த விறகும் போய்விடும். மண்ணைக் கெடுத்தவர்களோ மரத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

இந்த விசாரணையின் முதல் படியை நீங்களே உங்கள் பள்ளியில் செய்து பார்க்கலாம். ஆசிரியரின் துணையோடு, முள் குத்தாமல், பாதுகாப்பான ஓர் இடத்தில் உதிர்ந்த வேலிகாத்தான் இலைகளைச் சேகரியுங்கள். சேற்றிலும் சாம்பல் குளத்தின் பக்கத்திலும் இறங்க வேண்டாம். பத்து கிராம் காய்ந்த இலையை 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். நான்கு தட்டுகளில் வடிதாளை விரித்து, ஒவ்வொன்றிலும் 25 கேழ்வரகு விதைகளைப் பரப்புங்கள். முதல் தட்டுக்கு வெறும் நீர். இரண்டாவதற்கு இலை வடிநீர். மூன்றாவதற்கு, அதே வடிநீரைக் கிளர்வுற்ற கரியில் கலக்கி வடித்தது. நான்காவதற்கு மாவிலையை அதே அளவில் ஊறவைத்த நீர். கரி பல கரிமப் பொருள்களைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். எனவே, இரண்டாவது தட்டில் முளைப்பு குறைந்து மூன்றாவதில் மீண்டும் கூடினால், வேதிப்பொருள் மீதான சந்தேகம் வலுக்கும். மாவிலை நீரிலும் முளைப்பு குறைந்தால்? வேலிகாத்தானை மட்டும் தனியே குறை சொல்ல முடியாது.

அப்போதும் விசாரணை முடிந்துவிடாது. தட்டு வேறு, நிலம் வேறு. மரத்தடி மண்ணையும், மரமில்லாத இடத்து மண்ணையும் தனித்தனித் தொட்டிகளில் நிரப்பி, ஒரே வெயிலில் வைத்து, ஒரே அளவு நீர் ஊற்றி, அதே விதைகளை வளர்த்துப் பாருங்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை செய்து எண்களைக் குறித்து வையுங்கள்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள். மரங்களை அகற்றும் ஒவ்வோர் இடத்திலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு சிறு பாத்தியை மரத்தோடு விட்டுவையுங்கள். இன்னொன்றில் மரத்தை வெட்டிச் சருகை மட்டும் விட்டுவையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. அந்தப் பாத்திகளைக் கணக்கெடுக்கும் வேலையைச் சுற்றுப்புறப் பள்ளிகளின் மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். எண்ணூர் மாணவன் ஒருவன் தன் நோட்டில் எழுதி வைக்கும் எண்கள், நாளை ஏதோ ஒரு நாட்டு மாநாட்டில் எழும் கேள்விக்கு விடையாக அமையக்கூடும்.