ராக்கெட் விழலாம், நாங்க விழக்கூடாதா?

2023 செப்டம்பர் 2. ஆதித்யா எல்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நாள். செங்கோட்டையில் ஒரு டீக்கடை. டி.வி.யில் நம்ம ஊர் நிகார் ஷாஜியைக் காட்டுறாங்க. சூரியனைப் பார்க்கப் போகிற விண்கலத்துக்கு அவர்தான் திட்ட இயக்குநர். கடையே கை தட்டுது. நானும் தட்டினேன். ஏன் தட்டக் கூடாது?

தட்டி முடிக்கிறதுக்குள்ளே பக்கத்துல இருந்தவர் என் பக்கம் திரும்பினார். "ஏல, பாத்தியா? அந்தப் பிள்ளை கோட்டாவா கேட்டுச்சு? தகுதியில போயிருக்கு. ஒங்க ஆளுகளைக் கோட்டாவுல உள்ள விட்டா ராக்கெட்டு கடல்லதான் விழும்."

என்னைவிடப் பத்து வயசு இளையவர் அவர். அந்த 'ஏல' மட்டும் குறையாது. அன்றைக்கு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொல்லாமல் வந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தகுதி. அந்த அம்மா படித்தது செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில். பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. அதற்குப் பிறகு ராஞ்சியில் மேற்படிப்பு. 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி என்பது ஊரார் வரிப்பணத்தில் கட்டிய படிக்கட்டு. ஏறியவரின் உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் படிக்கட்டே இல்லாமல் எந்தத் தகுதி மேலே போயிருக்கும்? அந்தப் படியில் எங்கள் பிள்ளைகளுக்கும் கால் வைக்க இடம் கேட்டால் மட்டும் அது பிச்சையா?

அடுத்தது ராக்கெட். அது தனி ஒருத்தர் மூளையால் பறக்கிற சாமான் இல்லை. எரிந்த வாயுவைப் பெரும் வேகத்தில் கீழே தள்ளினால், அந்தத் தள்ளல் ராக்கெட்டை மேலே தூக்கும். இவ்வளவுதான் தத்துவம். எரிபொருள் தீர்ந்த கூட்டைச் சுமந்துகொண்டே போனால் வேகம் பிடிக்காது. அதனால் அடுக்கடுக்காகக் கட்டி, தீர்ந்த அடுக்கைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். ஆதித்யாவைத் தூக்கிய பி.எஸ்.எல்.வி.க்கு நான்கு அடுக்கு. ஒன்றும் மூன்றும் திட எரிபொருள்; இரண்டும் நான்கும் திரவ எரிபொருள். திரவ எஞ்சின்களைச் சோதிக்கிற இடம் நம்ம மலைத்தொடரிலேயே தெற்கே இருக்கிற மகேந்திரகிரி.

அங்கிருந்து நாலு மாசப் பயணம். 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் எல்-1 புள்ளியைச் சுற்றத் தொடங்கியது. சூரியனுக்குக் கிட்டே சுற்றுகிற பொருள் பூமியை முந்திக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். ஆனால் அந்த இடத்தில் பூமி பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுப்பதால் சூரியனின் பிடி கொஞ்சம் தளர்கிறது. கலம் பூமியோடு சேர்ந்தே வருஷத்துக்கு ஒரு சுற்று வருகிறது. கிரகண மறைப்பு இல்லாமல் எந்நேரமும் சூரியனைப் பார்க்கலாம். இதில் வெல்டு வைத்தவர் உண்டு, கணக்குப் போட்டவர் உண்டு, எரிபொருள் நிரப்பியவர் உண்டு. இத்தனை கை சேர்ந்த வேலையை ஒரு 'தகுதி'க்குள் எப்படி அடைக்கிறீர்கள்?

சரி, ராக்கெட் கடலில் விழுமாம். விழாமலா இருந்தது? 1979 ஆகஸ்ட் 10-இல் முதல் எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. 1987-இல் ஏ.எஸ்.எல்.வி. தோற்றது. 1988-இல் மறுபடியும் தோற்றது. இன்றைக்குக் கொண்டாடுகிற இதே பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம், 1993 செப்டம்பர் 20, அதுவும் தோல்வி. 2019-இல் சந்திரயான்-2 தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. பிரதமரே இஸ்ரோ தலைவரைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார். நாலே வருஷத்தில், 2023 ஆகஸ்ட் 23-இல், சந்திரயான்-3 இறங்கியது. விழுந்தபோதெல்லாம் எந்தச் சாதிக்காரன் கட்டியதென்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. தோற்றார்கள், காரணம் தேடினார்கள், மறுபடி கட்டப் பணமும் காலமும் கொடுத்தோம். விஞ்ஞானம் அப்படித்தான் வளரும்.

எங்களுக்கு அந்த உரிமை எங்கே இருந்தது? நான் படித்த பள்ளிக்கூடத்து லேபில் ஊர்ப்பிள்ளை பீக்கரை உடைத்தால் "கை தவறிருச்சு." சேரிப்பிள்ளை உடைத்தால் "இதுகளுக்கு எதுக்குலே சயின்ஸு?" ஒருநாள் உடைத்தவன் நான். அதற்குப் பிறகு வருஷம் முழுக்கச் சோதனை செய்தது அவங்க, குடுவை கழுவினது நான். நான் விஞ்ஞானி ஆகாமல் போனதுக்கு அந்த ஒரு பீக்கர் காரணம் என்று சொல்ல வரலை. ஆனால் அவன் உடைத்தது கண்ணாடி, நான் உடைத்தது என் சாதி மொத்தத்தின் தகுதி. அதைத்தான் சொல்றேன்.

இது டீக்கடைப் பேச்சு, போகட்டும் என்று விட முடியாது. 1992 நவம்பர் 16 மண்டல் தீர்ப்பு நமக்குத் தெரியும். 27 சதவீதத்தை ஏற்ற அதே தீர்ப்பு, இடஒதுக்கீடு உகந்ததல்ல என்று சில வேலைகளைப் பட்டியல் போட்டது. அணுசக்தி, விண்வெளி உள்ளிட்ட ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பணிகள் அதில் உண்டு. விமானி வேலையும் உண்டு. தரையைவிட்டு எழும்புகிறது எதுவும் நமக்கு ஆகாதாம்! அதற்கு முன்பே 1975-இல் மத்திய அரசின் ஆணை ஒன்று வந்தது. ஆராய்ச்சியை நடத்துகிற, வழிநடத்துகிற பணிகளில் 'ஏ' பிரிவின் கடைசிப் படிக்கு மேலே இருப்பவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு தரலாம் என்றது. அதாவது வாசல்வரைக்கும் வரலாம், மாடி ஏறக் கூடாது. செங்கோட்டைக்காரனுக்கு இது புதுசா? 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி; அதற்கு முன்னால் திருவிதாங்கூர். யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று கணக்கு வைத்திருந்த சமஸ்தானம். அந்தக் கணக்கு அடியிலிருந்து படிக்கு மாறியிருக்கிறது.

நாம் கேட்பது இதுதான். விண்வெளித் துறையில் ஒவ்வொரு படியிலும் தலித்துகளும் பழங்குடிகளும் எத்தனை பேர் என்று அரசு வெளிப்படையாக அச்சிடட்டும். அந்த விலக்கை நீக்கட்டும். சேரியை ஒட்டிய அரசுப் பள்ளிகளில் பூட்டிக் கிடக்கிற லேபுகளைத் திறக்கட்டும்.

டீக்கடை அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. எங்க பிள்ளை கட்டுகிற ராக்கெட்டும் ஒரு தடவை கடலில் விழலாம். விழுந்தால் சாதியைக் கேட்காதீங்க, காரணத்தைக் கேளுங்க. மறுபடி கட்ட விடுங்க. உங்களுக்கு நாங்கள் அஞ்சு தடவை விட்டிருக்கோம்.