சித்திர ஆசிரியன் செய்த குற்றம் என்ன?

கலைஞன் ஒருவன் வயிற்றுப்பாட்டுக்காக ஆசிரியத் தொழிலை மேற்கொள்வானாயின் அவனுடைய கலை மெல்ல மெல்ல மடிந்துவிடும் என்றொரு கருத்து, கலை பற்றி எழுதுவோரிடத்தும் பேசுவோரிடத்தும் நெடுங்காலமாக நிலவிவருகின்றது. இதற்குச் சான்று தேடுவோர் எடுத்துக்காட்டும் பெயர்களுள் ஒன்று ஜோன் செல் கொட்மன் (1782–1842). இங்கிலாந்தின் கிழக்கே, நோபோக் பகுதியின் நோர்விச் நகரிற் பிறந்தவர் அவர். நீர்வர்ண நிலக்காட்சி ஓவியர்களுள் முதல் வரிசையில் வைத்து இன்று எண்ணப்படுபவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சித்திர ஆசிரியராகவே கழித்தவர். பாடம் சொல்லிச் சொல்லியே ஒரு மேதை வீணாகிவிட்டது என்பதுதான் அவரைப் பற்றி வழங்கும் இரங்கற் கதை. இவ்விரக்கம் கேட்பதற்கு இனியது, ஆயின் பொய்யானது. பொய்யானது மட்டுமன்று, குற்றவாளியைத் தப்பவிட்டுச் சாட்சியைத் தண்டிப்பதுமாகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இக்கதையின் கால ஒழுங்கைச் சரிபார்ப்போம். கொட்மன் முடிதிருத்துநர் ஒருவரின் மகன். சொத்தோ செல்வாக்கோ உடைய குடும்பம் அன்று. 1798 ஆம் ஆண்டளவில் லண்டன் சென்ற அவர், அக்கர்மன் என்னும் அச்சுப்பட வணிகரிடம் அச்சிட்ட படங்களுக்கு வர்ணந் தீட்டும் வேலையிற் சேர்ந்தார். பின்னர் வைத்தியர் தோமஸ் மன்றோவின் இல்லத்திற் கூடிய இளம் ஓவியர் வட்டத்தில் இடம்பெற்றார். டேர்னர், கேர்ட்டின் ஆகிய இருவரும் அவருக்குச் சற்று முன்னர் படங்களைப் பிரதிசெய்து பயின்ற இல்லம் அது. 1800 முதல் 1806 வரை றோயல் அக்கடமியின் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. இத்தகைய இளைஞன் ஒருவன் ஓவியனாகவே வாழ விரும்பின் அவன் முன் மூன்று வழிகள் இருந்தன: படத்தை விற்றல், நூல்களுக்கும் அச்சுப்படங்களுக்கும் வரைந்து கொடுத்தல், வசதிபடைத்தோர் வீடுகளிற் சென்று பாடம் சொல்லுதல். எண்ணெய் வர்ணத்துக்கே உயர்ந்த மதிப்பு வழங்கிய அக்காலச் சூழலில், நீர்வர்ண ஓவியருக்கு ஓரளவேனும் நிச்சயமான வருவாயைத் தந்தது மூன்றாவது வழியே.

இனி, எதிர்க்கட்சியினர் மறந்துவிடும் உண்மையொன்றுண்டு. 1803, 1804, 1805 ஆகிய மூன்று கோடைகளிலும் கொட்மன் யோர்க்ஷயர் பகுதிக்குச் சென்றார். அங்கு அவர் தங்கியது பிரான்ட்ஸ்பி என்னும் ஊரில் வாழ்ந்த சொம்லி குடும்பத்தினரின் மாளிகையில். அவ்வீட்டுத் தலைவிக்கும் பெண்மக்களுக்கும் அவர் சித்திரம் கற்பித்தார். அக்குடும்பத்தின் நட்பே 1805 இல் அவரை றோக்பிப் பூங்காவுக்கும், அதனை அடுத்தோடும் கிறீற்றா நதிக்கரைக்கும் இட்டுச்சென்றது. அந்நதிக்கரையின் அனுபவத்திலிருந்து பிறந்ததே 'கிறீற்றாப் பாலம்' என்னும் ஓவியம். அவருடைய புகழ் முழுவதையும் தாங்கி நிற்கும் தொகுதி இந்நதிக்கரை ஓவியங்களேயாம். பாடம் சொல்லித்தராத கொட்மன் அப்பாலத்தைக் கண்டிருக்கமாட்டார். ஆசிரியப்பணி அவருடைய கலையைக் கொன்றது என்போர், அக்கலையின் உச்சம் ஆசிரியப்பணி திறந்துவிட்ட வாயிலின் வழியாகவே வந்தது என்பதற்கு என்ன விடை கூறுவர்?

அவ்வோவியத்தின் இயல்பையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஒற்றை வளைவுடைய கற்பாலம்; அதன் கீழ் அமைதியான நீர்; முன்புறத்தே பாறைகள்; இருமருங்கும் மரத்திரள்கள். ஒளியும் நிழலும் மென்மையாகக் கலந்து கரைவதில்லை. ஒவ்வொரு வர்ணப் பரப்பும் தெளிந்த ஓரத்துடன் தட்டையாகப் படிந்து, அடுத்த பரப்பின் அருகே தன்னிலையில் நிற்கின்றது. ஒளி வேண்டிய இடத்தில் தாளின் வெண்மையே விடப்பட்டுள்ளது. நீர்வர்ணத்தில் ஒருமுறை இட்ட பூச்சைத் திருத்துவது அரிது. எதனை வரைவது என்பதைவிட எதனை விடுவது என்பதைத் தூரிகையை நனைக்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். இத்தகைய சிந்தனைத் தெளிவு, கற்பித்தலுக்குப் பகையான குணமன்று. நல்லாசிரியனுக்கு இருக்கவேண்டிய முதற்குணமும் அதுவே.

1806 இன் பிற்பகுதியில் கொட்மன் நோர்விச்சுக்குத் திரும்பிச் சித்திரப் பள்ளியொன்றைத் தொடங்கினார். இதனைத் தோல்வியாக எழுதுவது வழக்கம். லண்டனை விட்டவன் உலகத்தையே விட்டவன் என்பது இவ்வழக்கின் உட்கிடை. ஆனால் அந்நாளைய நோர்விச் வெறும் நாட்டுப்புறமன்று. ஜோன் குரோம் முதலியோர் 1803 இல் அங்கு நோர்விச் ஓவியர் சங்கத்தை நிறுவியிருந்தனர். 1805 முதல் அது கண்காட்சிகளை நடத்திவந்தது. குரோமும் சித்திர ஆசிரியரே. 1808 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் கொட்மன் மட்டும் 67 படங்களை வைத்தார். 1811 இல் அச்சங்கத்தின் தலைவரானார். 'பிரதேச ஓவியர்' என்று இன்று அவரைக் குறிக்கும்போது நாம் அளப்பது கலையின் தரத்தையா, அன்றி ஓவியச் சந்தைக்கும் ஓவியனுக்கும் இடைப்பட்ட தூரத்தையா? சந்தை லண்டனில் இருந்தது. அவருடைய கண் நோபோக்கில் இருந்தது. கண்ணிருந்த இடத்தைக் குறையாகவும் சந்தையிருந்த இடத்தை நிறைவாகவும் கொள்வது கலைத் திறனாய்வு ஆகாது. அது வணிகக் கணக்கு.

1809 இல் அவர் செய்த செயலொன்று தனியே மனங்கொள்ளத்தக்கது. ஏறத்தாழ 600 ஓவியங்களைக் கொண்ட இரவல் தொகுதியொன்றை அவர் அமைத்தார். சந்தா செலுத்தியோர், நூலகத்திலிருந்து நூலைப் பெறுவது போல, ஓவியத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று பார்த்துப் பிரதிசெய்து பழகலாம். இங்கிலாந்தின் தேசிய ஓவியக்கூடம் நிறுவப்பட்டது 1824 இலேயே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். பொதுமக்கள் சென்று காண அரசின் ஓவியக்கூடம் தலைநகரிற்கூட இல்லாத காலத்தில், நோர்விச் நகரத்து மாணவர் ஒருவர் சிறந்த ஓவியர் ஒருவரின் கைப்பட்ட தாளைத் தம் மேசைமேல் விரித்துவைத்துப் பயில முடிந்தது. சந்தா செலுத்த இயன்றோருக்கே அவ்வாய்ப்பு என்பது உண்மை. எனினும், ஓவியம் செல்வர் மாளிகையின் சுவரில் மட்டும் தொங்கவேண்டியதன்று, கைமாறிக் கைமாறிப் பயிலப்படவேண்டியது என்ற எண்ணம் அதிலிருந்தது. இதனை ஓவியன் செய்த சில்லறை வியாபாரம் என ஒதுக்குவோர் கல்வி என்பதன் பொருளையே அறியாதோர்.

அவ்வாறாயின் கொட்மன் இன்பமாக வாழ்ந்தாரா? இல்லை. இங்குதான் எதிர்க்கட்சியினர் கூற்றில் ஓருண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1812 இல் அவர் கிறேற் யாமத் என்னும் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தார். டோசன் டேர்னர் என்னும் வங்கியாளர் அங்கு அவருக்கு ஆதரவளித்தார். தொன்மைகளிற் பேரார்வம் கொண்டவர் அவர். அவருடைய மனைவிக்கும் பெண்மக்களுக்கும் சித்திரம் கற்பித்ததோடு, தேவாலயங்களையும் பழங்கட்டடங்களையும் செப்புத்தகடுகளிற் செதுக்கும் பெரும்பணியில் கொட்மன் ஈடுபட்டார். நோபோக்கின் கட்டடத் தொன்மைகள் பற்றிய தொகுதி 1818 இல் வெளிவந்தது. 1817, 1818, 1820 ஆகிய ஆண்டுகளில் நோர்மண்டிக்குச் சென்று வரைந்தவை, 100 தகடுகளைக் கொண்ட நூலாக 1822 இல் வெளிவந்தன. இப்பணி மதிப்புடையது, வங்கியாளரின் ஆதரவும் உண்மையானது. ஆயினும் பத்தாண்டுக்கு மேலாக ஒரு வர்ண ஓவியனின் சிறந்த பருவம் கறுப்புக் கோடுகளிற் கழிந்தது. ஏன்? சமூகம் அதற்குத்தான் காசு கொடுத்தது. கட்டடத்தின் பதிவுக்கு வாங்குவோர் இருந்தனர். நதிக்கரையின் மௌனத்துக்கு இல்லை.

பின்னர் நோர்விச்சுக்கு மீண்டு பெரிய வீடொன்றில் மறுபடியும் பள்ளி நடத்தினார். கடனும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1825 இல் லண்டன் நீர்வர்ண ஓவியர் சங்கம் அவரை இணை உறுப்பினராக்கியது. அம்மதிப்பு கடனை அடைக்கவில்லை. 1834 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பாடசாலையில் சித்திர ஆசிரியர் பதவி கிடைத்தது. உடைமைகளை ஏலத்தில் விற்றுவிட்டு ஊரை நீங்கினார். மாணவர் பார்த்து வரைவதற்காக எண்ணிட்ட மாதிரிப் படங்களை நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார். அவற்றுட் பல உயிரற்றவை என்பதை மறுப்பதற்கில்லை. பிற்காலத்தில் கவிஞராகவும் ஓவியராகவும் புகழ்பெற்ற டான்ரே கபிரியேல் றொசெற்றி அங்கு அவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவர்.

ஆனால் இந்த உயிரின்மைக்குக் காரணம் கற்பித்தலா? ஒருகணம் சிந்திப்போம். அக்கால உயர்குடியினர் ஓவியத்தை வெறுத்தவரல்லர். நீர்வர்ணம் தீட்டத் தெரிதல் அவர்தம் பெண்மக்களுக்கு இருக்கவேண்டிய நாகரிகங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. ஆகவே பாடத்துக்குக் கட்டணம் செலுத்தினர். மகள் வரைந்த படம் வரவேற்பறைச் சுவரை அலங்கரித்தது. ஆசிரியர் வரைந்த படமோ மகளின் மேசையில் மாதிரியாகக் கிடந்து அழுக்கேறியது. கலையைக் கற்க விரும்பிய வர்க்கம் கலையை வாங்க விரும்பவில்லை. கற்பித்தலைக் கலையின் பகுதியாக அன்றித் தையல், நடனம் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு மெருகாகவே அது கண்டது. டேர்னரும் இளமையிற் பாடம் சொன்னவரே. அவருடைய படங்கள் விற்றன. ஆகவே கற்பித்த நாட்கள் அவர் வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கின. கொட்மனின் படங்கள் விற்கவில்லை. ஆகவே அந்நாட்களே வரலாறாகின. இருவரையும் பிரித்தது பாடசாலையன்று, பணப்பெட்டி.

1841 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கொட்மன் விடுப்புப் பெற்று நோபோக் சென்றார். வெள்ளத்தையும் மரங்களையும் வானத்தையும் ஓயாது வரைந்தார். ஐம்பத்தொன்பது வயதிலும், முப்பதாண்டுக்கு மேற்பட்ட பாடங்களின் பின்னரும், அக்கை மரத்துப்போகவில்லை. கற்பித்தல் கலையைக் கொன்றதென்றால், செத்த கலை இரண்டு மாத விடுமுறையில் எழுந்து நடந்தது எப்படி? அவருக்குக் குறைவாக இருந்தது திறமையன்று, நேரம். அங்கு வரைந்தவற்றை வைத்து அவர் தொடங்கிய ஓவியம் நிறைவுபெறவில்லை. 1842 ஜூலை 24 அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டில் அவருடைய படைப்புகள் ஏலத்திற் சொற்ப விலைக்குப் போயின. லோறன்ஸ் பின்யன் 1897 இல் அவரைப் பற்றி எழுதினார்; 1902 இல் பிரித்தானிய நூதனசாலை பெருந்தொகுதியொன்றை வாங்கியது. 'கிறீற்றாப் பாலம்' இன்று அங்கேயே இருக்கின்றது.

இவ்விடத்தில் இன்னொரு வாதத்தையும் மறுத்தாக வேண்டும். "காலம் நீதி வழங்கிவிட்டதே" என்பர் சிலர். அறுபதாண்டு கழித்து நூதனசாலை கொடுத்த விலையில் ஒரு சதமேனும் ஓவியன் வீட்டு அடுப்பை எரிக்கவில்லை. பிற்சந்ததியின் பாராட்டு நிகழ்காலத்தின் அலட்சியத்துக்குப் பிராயச்சித்தமாகாது. மேலும், காலம் நீதி வழங்குவது பாதுகாக்கப்பட்ட படைப்புகளுக்கே. நோர்விச் நகரத்தார் சிலர் அத்தாள்களைச் சேர்த்துவைத்திராவிடின், பின்யன் எழுதுவதற்கு எதுவும் இருந்திராது.

இது தூரதேசத்து வரலாறு மட்டுந்தானா? நம்மவர் வாழ்வையும் எண்ணிப் பார்ப்போம். எஸ். ஆர். கனகசபை சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவாறே 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை உருவாக்கினார். 2000 ஆம் ஆண்டில் மறைந்த அ. மாற்கு சித்திரம் கற்பித்தே வாழ்ந்தார். யாழ்ப்பாணத்தில் இயங்கிய ஓவியர் அமைப்பொன்றின் பெயர் 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்'. இப்பெயரைச் சற்று நின்று வாசித்தல் வேண்டும். ஓவியன் ஓவியனாக இருப்பதற்கு நம் சமூகம் அனுமதித்த காலம் எது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது. கொட்மனுக்குக் கிடைத்த அந்த இலையுதிர்காலம்தான் அது.

ஆசிரியனாகிவிட்டானே என்று கலைஞனுக்காக இரங்குவதை நாம் இனி நிறுத்துவோம். அவனுக்கு வேண்டியது இரக்கமன்று. அவன் கற்பிக்கும் பாடம், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போக எஞ்சிய வேளையில் இடப்படும் பாடமாக இருத்தலாகாது. அவன் வரைவதற்கு ஆண்டில் சில மாதங்களேனும் ஊதியத்துடன் வழங்கப்படுதல் வேண்டும். அவன் உயிரோடிருக்கும்போதே அவனுடைய படமொன்று பாடசாலைச் சுவருக்காகவும் பல்கலைக்கழக மண்டபத்துக்காகவும் விலைகொடுத்து வாங்கப்படுதல் வேண்டும். அவன் இறந்தபின் அவன் வீட்டுத் தாள்கள் கறையானுக்குப் போகாமற் காக்கப்படுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் நம் சக்திக்கு அப்பாற்பட்டதன்று.

சித்திர ஆசிரியன் செய்த குற்றம் என்ன என்று தலைப்பிற் கேட்டோம். தான் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தான், அவ்வளவே. அவனிடம் கற்றுக்கொண்டு, அவனுடைய படத்தை வாங்காது விட்டவர்களையே இனி விசாரிக்க வேண்டும். அவ்வரிசையில் நமக்கும் ஓரிடம் உண்டு.