ஓஎம்ஆர்: தார் போடும் முன் திருத்துங்கள்

சென்னையில் மெட்ரோ தூண்கள் எழும்பிவரும் பழைய மகாபலிபுரம் சாலையை (ஓஎம்ஆர்), பணி முடிந்ததும் முன்பிருந்தபடியே போட்டு ஒப்படைத்துவிடக் கூடாது. அதன் பழைய வடிவமே பிழையானது.

மத்திய கைலாசத்தில் தொடங்கி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியை அடைகிறது மாநில நெடுஞ்சாலை 49ஏ. வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே கிடந்த ஊர்ச்சாலை அது. 2000-இல் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. சிறுசேரியில் சிப்காட் வளாகம் எழுந்தது. சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் ஆறு வழியாகி, 2008-இல் ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரும் பெற்றது. கூடவே சுங்கச்சாவடிகளும் வந்தன. அவற்றில் நான்கில் 2021-இலும் நாவலூரில் 2023-இலும் வசூல் நின்றது. அது நியாயமான முடிவு.

கார்களும் நிறுவனப் பேருந்துகளும் விரைந்து போகவே இச்சாலை விரிக்கப்பட்டது. ஆனால், அதே காலத்தில்தான் நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை அரசு கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் கொண்டுவந்து குடியமர்த்தியது. கண்ணாடிக் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்களிலும் காவல் காப்பவர்களிலும் பலர் அவர்களே. பேருந்தைவிட்டு இறங்கினால் எதிர்ப்புறம் போக ஆறு வழிகளையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருக்கிறது. நடைபாதை சில இடங்களில் உண்டு, பல இடங்களில் அறுந்துபோகிறது. நகரும் படிக்கட்டுள்ள நடைமேம்பாலம் ஒன்றிரண்டு கட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. குழந்தையோடும் சுமையோடும் வருபவர்கள் தரைமட்டத்திலேயே, சிக்னல் நிறுத்தத்தில் பத்திரமாகக் கடக்க வேண்டும்.

தண்ணீருக்கும் இதே கதிதான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலை எட்ட வேண்டும். சதுப்புநிலம் மேற்கே, கால்வாய் கிழக்கே; நெடுஞ்சாலை இரண்டுக்கும் இடையில். 2015-இலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதி மூழ்கியதற்கு மழையை மட்டும் காரணம் காட்ட முடியாது. நீர்வழியைக் குறுக்கிக்கொண்டே வந்த கட்டடங்களும் காரணம். சதுப்புநிலத்துக்கு 2022-இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. அதிலிருந்து நீர் வெளியேறும் வாய் அடைபட்டிருந்தால் அந்தத் தகுதியால் செம்மஞ்சேரிக்காரருக்கு என்ன பயன்?

மெட்ரோ நிறுவனம், நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, நீர்வளத் துறை ஆகிய நான்கும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட்ட பிறகே நிரந்தரத் தார் போடப்பட வேண்டும். இருபுறமும் அறுபடாத நடைபாதை, ஒவ்வொரு மெட்ரோ நிலையத்தடியிலும் சிக்னலுடன் கூடிய கடவை, மடுவையும் சிறு ஓடைகளையும் குறுக்காத பாலக் கண்கள் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். அது கண்ணகி நகர் மக்களின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.